கடும் வானிலையின் வகைகளும் அவை விளைவிக்கும் சேதங்களும்: வங்கக் கடல் நாடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓர் இடத்தில் ஒரு பருவத்தில் வழக்கமாக நிலவும் வெப்பம், மழை, காற்று ஆகியவற்றின் வரம்பைப் பெரிதும் மீறி, உயிருக்கும் உடைமைக்கும் ஊறு விளைவிக்கும் வளிமண்டல நிகழ்வே கடும் வானிலை எனப்படுகிறது. சில மணி நேரமோ சில நாள்களோ நிலவுவது வானிலை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பதிவுகளைத் திரட்டிச் சராசரியாகக் கணிப்பது காலநிலை. இந்தச் சராசரியிலிருந்து விலகும் அளவைக் கொண்டே கடுமை தீர்மானிக்கப்படுவதால், ஓரிடத்தில் இயல்பாக இருப்பது மற்றோரிடத்தில் பேரிடராக முடியும். ராஜஸ்தானில் மே மாதப் பகலில் 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் யாரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. 2022 ஜூலையில் பிரிட்டனில் வெப்பநிலை முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோது தண்டவாளங்கள் நெளிந்து ரயில் போக்குவரத்து தடைபட்டது.

வானிலைத் துறைகள் இந்நிகழ்வுகளைக் காற்றின் வேகம், மழையின் அளவு, வெப்பநிலை போன்ற இயற்பியல் அளவுகளால் தரம் பிரிக்கின்றன. முன்னறிவிப்புக்கு இத்தரப்படுத்தல் இன்றியமையாதது என்றாலும், சேதம் இந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை. அளவுகோலின் முதற்படியில் நின்ற புயல் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றிருக்கிறது. உச்சப்படியை எட்டிய புயல் சில பத்து உயிர்களோடு கடந்து போயிருக்கிறது. கடும் வானிலையின் ஒவ்வொரு வகையும் எவ்வாறு உருவாகிறது, எதன் வழியாகக் கொல்கிறது, எதை அழிக்கிறது என்பவற்றை, உலகிலேயே புயலுக்கு மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த வங்கக் கடல் நாடுகளை முதன்மையாகக் கொண்டு ஆராயும்போது இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. பெயரும் எண்ணும் பெற்ற ஆபத்துகளுக்கு எதிராக எழுந்த காப்பு, அவற்றைப் பெறாத ஆபத்துகளுக்கு இன்னும் எழவில்லை என்பது ஒன்று. உயிரைக் காக்கக் கற்றுக்கொண்ட நாடுகள் வாழ்வாதாரத்தைக் காக்க இன்னும் கற்கவில்லை என்பது மற்றொன்று.

புயலும் காற்றின் விசையும்

வெப்பமண்டலப் புயல் கடலின் வெப்பத்தால் இயங்குவது. கடல்நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை 26.5 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, ஆவியாகி மேலெழும் நீர் குளிர்ந்து மேகமாகி, தன்னுள் அடங்கியிருந்த மறைவெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் உயரத் தள்ள, கடல்மட்டத்தில் அழுத்தம் குறைந்து சுற்றிலுமுள்ள காற்று உள்நோக்கிப் பாய்கிறது. பாயும் காற்றைப் பூமியின் சுழற்சி திசைதிருப்புவதால் அது சுழலாகிறது. இத்திருப்பு விசை நிலநடுக்கோட்டை ஒட்டி மிகக் குறைவாதலால், அதன் இருபுறமும் 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. வளிமண்டலத்தின் கீழடுக்கிலும் மேலடுக்கிலும் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் வேறுபட்டால் சுழல் சிதைந்துவிடும் என்பதால்தான், தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும் மாதங்களில் வங்கக் கடலில் கடும்புயல்கள் குறைந்து, ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மிகுகின்றன.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில், காற்றின் நீடித்த வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகிப் பெயர் பெறுகிறது. அது 89 கிலோமீட்டரில் தீவிரப் புயலாகவும், 118 கிலோமீட்டரில் மிகத் தீவிரப் புயலாகவும், அதற்கடுத்த படிகளைக் கடந்து 222 கிலோமீட்டரில் சூப்பர் புயலாகவும் உயர்கிறது. காற்று ஒரு பரப்பின்மீது செலுத்தும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகுவதால், 100 கிலோமீட்டர் வேகக் காற்றைவிட 200 கிலோமீட்டர் வேகக் காற்று நான்கு மடங்கு விசையோடு தாக்குகிறது. கூரைத் தகடுகளும் மின்கம்பங்களும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் முதலில் வீழ்கின்றன. மின்சாரம் அற்றுப்போவதால் குடிநீரும் மருத்துவமும் தடைபட்டு, புயல் ஓய்ந்த பின்னரும் துன்பம் நாள்கணக்கில் நீள்கிறது.

காற்று விளைவிக்கும் சேதத்தில் மிக நீண்ட காலம் நிலைப்பது மரங்களின் இழப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தென்னைக்கு ஆழ இறங்கும் ஆணிவேர் இல்லை. சல்லிவேர்கள் மண்ணின் மேலடுக்கில் பரவி நிற்க, காற்றைத் தாங்கும் சுமை முழுவதும் உச்சிக் கொண்டையில் விழுகிறது. ஆகவே ஈரமேறி இளகிய மண்ணில் வேரோடு பெயர்ந்த மரங்களும், மண் பிடித்து நின்ற இடத்தில் கொண்டை முறிந்த மரங்களும் ஒரே தோப்பில் கலந்து கிடந்தன. சாய்ந்த நெற்பயிர் அடுத்த போகத்தில் மீளும். நெட்டை ரகத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகளும், முழு மகசூலுக்கு அதற்கு மேலும் ஆகும். விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தும் கூலி, மறுநடவுச் செலவு, வருவாயற்ற ஆண்டுகளில் வளரும் கடன்வட்டி, தோப்பில் காய் பறித்தும் மட்டை உரித்தும் பிழைத்தவர்களின் வேலையிழப்பு ஆகிய அனைத்தும் மரம் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கணக்கிடும் நிவாரணத்துக்குள் அடங்குவதில்லை. 2011 டிசம்பரில் கடலூர், புதுச்சேரி இடையே கரையேறிய தானே புயலால் பண்ருட்டி வட்டாரத்தின் பலா, முந்திரித் தோப்புகள் அழிந்தபோதும் இதே துயரம் நேர்ந்தது.

ஆழ்கடலில் இருப்போருக்குப் புயலின் வலிமையைவிட அது வலுப்பெறும் விரைவே ஆபத்தானது. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடற்பகுதியில் ஒக்கி மிக விரைவாகப் புயலாக மாறியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கச் சென்றிருந்த விசைப்படகுகள் கரையின் வானொலித் தொடர்புக்கு எட்டாத தொலைவில் இருந்தன. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, கரையில் நிற்பவனைக் கடலுக்குப் போகாமல் தடுக்கும். ஏற்கனவே கடலில் இருப்பவனுக்கு அது தெரியாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மீனவர் பலர் மாண்டும் காணாமற்போயும் குடும்பங்கள் நிலைகுலைந்த பின்னரே, செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளின் தேவை பரவலாக உணரப்பட்டது.

புயல் அலை

வரலாற்றில் புயலால் நேர்ந்த மரணங்களில் மிகப் பெரும்பங்கு காற்றால் நேர்ந்தவையல்ல, கடல்நீரால் நேர்ந்தவை. வலுவான காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ள, புயலின் மையத்தில் நிலவும் குறைந்த அழுத்தம் நீர்மட்டத்தைச் சற்று உயர்த்த, இரண்டும் சேர்ந்து கடல் மேடாகத் திரண்டு நிலத்துக்குள் ஏறுவதே புயல் அலை. வங்கக் கடலின் வடபகுதி ஆழமற்றும் புனல்போல் குறுகியும் இருப்பதால் நீர் பக்கவாட்டில் விலக வழியின்றி உயர்கிறது. கரையோ கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த ஆற்றுக் கழிமுகம். ஒரு கன மீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது என்பதை எண்ணினால், ஐந்தாறு மீட்டர் உயரத்தில் நகர்ந்துவரும் நீருக்கு முன் மண் சுவரும் ஓலைக் கூரையும் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது விளங்கும்.

1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் 3 இலட்சம் முதல் 5 இலட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. உலக வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்ட புயல் அதுவே. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமா பகுதியிலும், 1999 அக்டோபரில் ஒடிசாவின் எரசமா வட்டாரத்திலும் கடல் உட்புகுந்து, ஒவ்வொரு நிகழ்விலும் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்றது. 2008 மே மாதத்தில் நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தில் 1 இலட்சத்து 38 ஆயிரம் பேரைப் பலிகொண்டது அல்லது காணாமற்போகச் செய்தது. தமிழ்நாட்டில் 1964 டிசம்பர் 22 இரவு எழுந்த கடல், பாம்பனிலிருந்து சென்ற ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அடித்துச் சென்று, தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக்கியது. நீர் வடிந்த பின்னும் அதன் சேதம் முடிவதில்லை: உப்பேறிய வயலில் பல பருவங்களுக்கு நெல் விளையாது, குடிநீர்க் குளங்கள் உவர்த்துப்போகும். 2020இல் அம்பன் புயலின்போது சுந்தரவனத்தில் கரைகள் உடைந்து நேர்ந்தது இதுவே.

கனமழையும் வெள்ளமும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்யும் மழையைக் கனமழை என்றும், 115.6 மில்லிமீட்டர் முதல் மிகக் கனமழை என்றும், 204.5 மில்லிமீட்டர் முதல் அதிகனமழை என்றும் வகுக்கிறது. ஏறத்தாழ 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் அது மேகவெடிப்பு. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் 94.4 சென்டிமீட்டரும், 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் பதிவாயின. பின்னது அம்மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையைவிட அதிகம்.

காயல்பட்டின மழை தனித்த கவனத்துக்கு உரியது. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மழைக்கு மிக்ஜாம் என்ற பெயருள்ள புயல் காரணமாக இருந்தது. அதன் பாதை நாள்தோறும் செய்தியில் வரையப்பட்டது. இரு வாரம் கழித்துத் தென்மாவட்டங்களில் பெய்ததோ, குமரிக் கடலையொட்டி நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சியின் விளைவு. அதற்குப் பெயரில்லை, கரையைக் கடக்கும் நேரமில்லை, எச்சரிக்கைக் கூண்டின் எண்ணும் இல்லை. தாமிரபரணி பெருக்கெடுக்க, ஏரிகளும் குளங்களும் அடுத்தடுத்து உடைய, ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஒரு ரயில் வெள்ளத்தின் நடுவே நின்றது. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பின் அதன் எச்சம் உள்நாட்டில் ஊர்ந்து, மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழையைக் கொட்டித் தென்பெண்ணையைப் பெருக்கியது. புயல் கரையைக் கடந்ததும் ஆபத்து நீங்கிற்று என்ற பொதுவான எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் அன்று அறிந்தன.

மழை வெள்ளமாவது நிலத்தால் முடிவாகிறது. தமிழ்நாட்டின் பழைய நீர் அமைப்பில், மேலேரி நிறைந்து கலங்கல் வழியாக வழியும் நீர் வரத்துக்கால்வாயில் ஓடிக் கீழேரியை அடையும். சங்கிலித்தொடராக அமைந்த இவ்வேரிகள் பாசனத்துக்கு நீரைத் தேக்கியதோடு வெள்ளத்தின் வேகத்தையும் தணித்தன. கால்வாய் தூர்ந்து, ஏரிப் புறம்போக்கில் குடியிருப்பு எழுந்த இடங்களில் அதே நீர் தெருவைக் கால்வாயாக்கிக்கொள்கிறது. சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பழைய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர அடையாறு கரைபுரண்டபோது பலர் மாண்டனர். இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கை அதனை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே குறிப்பிட்டது.

மலைச்சரிவு

தொடர்மழையில் மண்ணின் துளைகள் நீரால் நிறையும்போது, மண் துகள்களைப் பிணைத்து நிறுத்தும் உராய்வு குறைந்து, எடை கூடிய மண் சரிவில் நழுவுகிறது. ஆழ வேரோடிய காடு நின்ற இடத்தில் தோட்டப் பயிரும், சரிவை வெட்டிய சாலையும், நீர் வடிய வழியற்ற கட்டடமும் வரும்போது இந்த எல்லை விரைவில் எட்டப்படுகிறது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் 250க்கும் மேற்பட்டோர் இவ்வாறு உறக்கத்திலேயே புதையுண்டனர்.

மலைச்சரிவின் பலிகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், குறிப்பாகத் தமிழர்கள், திரும்பத் திரும்ப இடம்பெறுவது தற்செயலன்று. 2014 அக்டோபர் 29 காலையில் இலங்கையின் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் தொழிலாளர் வசித்த, லயன் எனப்படும் வரிசை வீடுகள் மண்ணில் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே விடப்பட்டிருந்தனர். 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தோட்டக் குடியிருப்பு சரிந்து 70 பேர் மாண்டனர். வசிக்கும் வீடும் நிற்கும் நிலமும் தோட்ட நிருவாகத்துக்கு உரியவையாக இருக்க, எச்சரிக்கை கிடைத்தாலும் பெயர்ந்து போக வேறு நிலமில்லாத நிலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோருக்கு, மழைமானியின் அளவைவிட நிலவுரிமையே உயிர்க்காப்பு. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த டித்வா, காற்றின் அளவுகோலில் புயல் என்னும் முதற்படியில் இருந்ததே. ஆயினும் அதன் மழையால் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தும் பிற இடங்களில் வெள்ளம் சூழ்ந்தும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இடி, ஆலங்கட்டி, சுழற்காற்று

கோடையின் சூடேறிய ஈரக்காற்று செங்குத்தாக எழும்போது உருவாகும் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே உள்ளது; ஓரிரு மணி நேரமே வாழ்கிறது. அச்சிறு பரப்பிலிருந்தே மின்னலும் ஆலங்கட்டியும் சுழற்காற்றும் பிறக்கின்றன. மேகத்துள் பனித்துகள்கள் மோதிப் பிரியும் மின்னூட்டம் நிலத்தை நோக்கிப் பாயும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரிக்குச் சூடாகிறது. நேரடியாகத் தாக்கப்படுபவர்களைவிட, மரத்தின் அடியில் ஒதுங்கி அதன் வழியாக மின்சாரம் பெறுபவர்களும், நிலத்தில் பரவும் மின்னழுத்தம் இரு கால்களுக்கிடையே பாய்வதால் வீழ்பவர்களும் மிகுதி. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கின்றனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்த எண்ணிக்கை 2,887. இறப்பவர்கள் பெரும்பாலும் நாற்று நடுவோர், ஆடுமாடு மேய்ப்போர், திறந்தவெளிக் கூலிகள். ஒவ்வோர் இடத்தில் ஒருவரும் இருவருமாக இறப்பதால் இம்மரணங்கள் செய்தியாவதில்லை. ஒரே நாளில் பிகாரில் 80க்கும் மேற்பட்டோர் மாண்ட 2020 ஜூன் 25 போன்ற நாள்களில் மட்டுமே நாடு திரும்பிப் பார்க்கிறது.

ஆலங்கட்டி பயிரை நிமிடங்களில் அழிப்பது. 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாதில் 246 பேரைக் கொன்ற ஆலங்கட்டி மழை உலக வானிலை அமைப்பின் பதிவில் மிகக் கொடியதாக நிற்கிறது. டொர்னாடோ எனப்படும் சுழற்காற்று அமெரிக்காவுக்கே உரியது என்று கருதப்பட்டாலும், பதிவுற்றவற்றுள் மிகுதியான உயிர்களைக் கொன்றது 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கியதே; ஏறத்தாழ 1,300 பேர் அதில் மாண்டனர்.

வெப்ப அலை

சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியையும், கடலோரத்தில் 37 டிகிரியையும், மலைப்பகுதியில் 30 டிகிரியையும் எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியேனும் மிகும்போது இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையை அறிவிக்கிறது. மனித உடல் வியர்வை ஆவியாவதன் மூலம் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோட, உட்சூடு ஏறி மூளையும் இதயமும் சிறுநீரகமும் செயலிழக்கத் தொடங்கும். ஆகவே ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையே உடலின் தாங்குதிறனுக்கு நெருக்கமான அளவு. சென்னையின் 38 டிகிரி, வறண்ட உள்நாட்டின் 42 டிகிரியைவிடக் கொடியதாக இருக்கக்கூடும் என்பதன் காரணம் இதுவே.

2003 கோடையில் ஐரோப்பாவில் ஏறத்தாழ 70,000 பேரும், 2015 மே மாதத்தில் இந்தியாவில், பெரும்பாலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும், 2,000க்கும் மேற்பட்டோரும் வெப்பத்தால் இறந்தனர். இவ்விரு எண்களின் வேறுபாடு வெப்பத்தின் வேறுபாட்டைக் காட்டவில்லை; எண்ணும் முறையின் வேறுபாட்டைக் காட்டுகிறது. வெப்பத்தால் இறப்பவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோ எழுதப்படுவதால், அம்மாதத்தில் வழக்கமாக நிகழும் இறப்புகளைவிட எத்தனை மிகுந்தன என்று ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும். அகமதாபாதில் 2010 மே மாதத்தில் அவ்வாறு ஒப்பிட்டபோது 1,344 மிகை மரணங்கள் தெரியவந்தன. அதன் விளைவாக அந்நகரம் 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது.

இறவாதவர்களுக்கும் வெப்பம் சேதம் விளைவிக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நிழல் என்பதே கிடையாது. வெண்ணிறப் பாத்திகள் வெயிலைக் கண்ணுக்கும் முகத்துக்கும் திருப்பி எறிய, உப்புநீரில் நின்று வாரும் பெண்கள், கழிப்பிடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். தமிழ்நாட்டு உப்பளங்களில் நடந்த ஆய்வுகள், தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதையும், அவர்களிடையே சிறுநீரகத் தளர்ச்சி காணப்படுவதையும் சுட்டுகின்றன. ஆயினும் 2022 முதல் 2026 வரையிலான இந்தியப் பேரிடர் நிவாரண நெறிமுறைகளின் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி ஆகியவற்றோடு குளிர் அலையும் இடம்பெற்றது. வெப்ப அலையும் மின்னலும் இடம்பெறவில்லை. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநில அளவிலான பேரிடராக அறிவித்தது இவ்விடைவெளியை நிரப்பும் நல்ல தொடக்கம்.

வறட்சி

மழை பொய்ப்பது வானிலை வறட்சி. அதனால் ஏரியும் ஆறும் நிலத்தடி நீரும் வற்றுவது நீரியல் வறட்சி. வேரடியில் ஈரமின்றிப் பயிர் கருகுவது வேளாண் வறட்சி. மற்ற ஆபத்துகள் ஒரு நாளில் வருபவை. வறட்சிக்குத் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் இல்லை. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நின்ற 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் உள்ளிட்ட பகுதிகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ நிலை மழையைக் குறைத்தது உண்மை. எனினும் தானிய ஏற்றுமதி தொடர்ந்ததும், நிவாரண வேலைக்கான கூலியை அரசு வெட்டியதுமே வறட்சியைப் பஞ்சமாக்கின.

எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குறைய, தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை மிகுவது பொதுவான போக்கு. வலுவான எல் நினோ நிலவிய 2015இல் சென்னை மூழ்கியது. அது நீங்கிய 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் வெள்ளத்தையும் தாகத்தையும் ஒரே நகரம் கண்டது, நீரைத் தேக்கும் இடங்களை இழந்தால் மிகையும் குறையும் ஒருங்கே பேரிடராகும் என்பதற்குச் சான்று.

சேதத்தின் கணக்கு

உலக வானிலை அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பின்படி, 1970 முதல் 2019 வரை வானிலை, காலநிலை, நீர் சார்ந்த 11,000க்கும் மேற்பட்ட பேரிடர்களில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்த மரணங்கள் 2010களில் இருபதாயிரத்துக்கும் கீழே குறைந்தன. அதே காலத்தில் பொருளிழப்பு ஏழு மடங்கானது. மாண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வளரும் நாட்டினர்.

மரணம் குறைந்த கதையை வங்கக் கடலே மிகத் தெளிவாகச் சொல்கிறது. போலா புயலுக்குப் பின் வங்கதேசம் தொண்டர்களைக் கொண்ட புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கி, உயர்ந்த தூண்களின்மேல் புகலிடங்களைக் கட்டியது. 1991ஆம் ஆண்டுப் புயலில் ஏறத்தாழ 1 இலட்சத்து 38 ஆயிரமாக இருந்த மரணம், 2007இல் சித்ர் புயலில் ஏறத்தாழ 3,400ஆகவும், 2020இல் அம்பனில் சில பத்துகளாகவும் இறங்கியது. 1999க்குப் பின் மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்பை முதலில் நிறுவிய ஒடிசா, 2013இல் பைலின் வந்தபோது ஏறத்தாழ 10 இலட்சம் பேரையும், 2019இல் ஃபானி வந்தபோது 12 இலட்சம் பேரையும் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியது. முன்பு பத்தாயிரம் பேர் மாண்ட மாநிலத்தில் பலி நூறைத் தாண்டவில்லை. வறிய சமூகங்களும் தம் மக்களைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

பணக்கணக்கு மட்டும் பார்த்தால் இழப்பின் உருவம் திரிந்துவிடும். 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா 1,300க்கும் மேற்பட்டோரைக் கொன்று 12,500 கோடி டாலர் இழப்பை விளைவித்தது. அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு உயிர்களைப் பலிகொண்ட நர்கிஸின் இழப்பு சுமார் 400 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. விலைமதிப்பு குறைந்த குடிசையும் மாடும் வலையும் இழந்தவர், தம் உடைமை முழுவதையும் இழந்தவர் என்பது இக்கணக்கில் தெரிவதில்லை.

காலநிலை மாற்றமும் காப்பின் இடைவெளியும்

வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த நிலையைவிட உலகம் ஏறத்தாழ 1.1 டிகிரி சூடேறிவிட்டதையும், முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நேர்ந்த கடும் வெப்பம் இப்போது 2.8 முறை நேர்வதையும் காட்டியது. புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடும் என்று அது கூறவில்லை. வருபவற்றில் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்றும், அவற்றோடு வரும் மழை மிகும் என்றும் கூறுகிறது. காற்றைவிட நீரே மிகுதியாகக் கொல்கிறது என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், எச்சரிக்கை எங்கே கூர்மையாக வேண்டும் என்பது தெளிவாகும்.

உலகிலுள்ள ஒவ்வொருவரையும் 2027 இறுதிக்குள் முன்னெச்சரிக்கை அமைப்பின்கீழ்க் கொண்டுவர ஐக்கிய நாடுகள் அவை இலக்கு வகுத்திருக்கிறது. எச்சரிக்கை என்பது எவ்வளவு மழை பெய்யும் என்பதோடு நின்றுவிடாமல், அம்மழையில் எந்தக் கரை உடையும், எந்தச் சரிவு நகரும், எந்தத் தெருவில் நீர் ஏறும் என்று சொல்வதாக வளர வேண்டும். மின்னலுக்கும் வெப்பத்துக்கும் நிவாரணம் உரிமையாக வேண்டும்; வெப்ப மரணங்கள் முறையாக எண்ணப்பட வேண்டும்; தென்னை இழந்தவருக்கு மறுநடவு காய்க்கும் வரை ஆண்டுதோறும் துணை நிற்கும் காப்பீடு வேண்டும்.

இந்த வகைகள் அனைத்தையும் ஒன்றாக வைத்து நோக்கும்போது, வானிலையின் கடுமை சேதத்தின் ஒரு பகுதியையே விளக்குகிறது. அடுத்த புயலின் வேகத்தைக் குறைக்க எந்த அரசாலும் இயலாது. அது வந்து சேரும் சரிவின் அடியில் லயன் வீடு இருக்கலாமா, ஏரியின் வரத்துக்கால்வாய் திறந்திருக்க வேண்டுமா, ஆழ்கடல் படகில் செய்திக் கருவி இருக்க வேண்டுமா, உப்பளத்தில் நண்பகல் வேலை நிற்க வேண்டுமா என்பவை மனிதர் எடுக்கும் முடிவுகள். புயல் வருமுன் 12 இலட்சம் பேரை இடம்மாற்றும் ஆற்றலைப் பெற்றுவிட்ட சமூகங்களுக்கு, இம்முடிவுகளை எடுக்க இயலாது என்று சொல்லும் உரிமை இனி இல்லை.